ஆஷ்லி பிரையன் நடந்த வழியில்: ஹார்லெமிலிருந்து ஐல்ஸ்ஃபோர்ட் வரை

ஞாயிறு, ஹார்லெமும் பிராங்ஸும்

ஆஷ்லி பிரையன் 1923 ஜூலை 13 அன்று நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் பிறந்தார். 2022 பிப்ரவரியில், 98 வயதில் மறைந்தார். குழந்தைகளுக்காகத் தானே எழுதித் தானே படமும் வரைந்த கறுப்பின அமெரிக்கக் கலைஞர்களில் என் மனசுக்கு மிக நெருக்கமானவர் அவர்தான். எங்கள் ஊர் வாசிப்பு வட்டத்தில் பிள்ளைகளுக்கு அவர் கதைகளைத் தமிழில் சொல்லியிருக்கிறேன். அவர் வாழ்ந்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக உண்டு. நியூஜெர்சியில் அக்கா வீட்டுக்கு வந்திருக்கும் இந்த ஆகஸ்டில் அதற்கு வேளை வந்திருக்கிறது. நான்காம் வகுப்பு முடித்த அக்கா மகளும் துணைக்கு வருகிறாள். அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிப் போட்டுவிடுவதாகத் திட்டம்.

காலையில் முதல் வேலையாக ஹார்லெம் 135ஆம் தெருவுக்குப் போனோம். கறுப்பின மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் ஆராயும் ஷோம்பர்க் மையம் இன்று இருக்கும் இந்த மூலையில்தான் அன்றைய 135ஆம் தெரு நூலகக் கிளை இருந்தது. 1937-இல் இங்கே குழந்தைகள் பிரிவுக்கு அகஸ்டா பேக்கர் என்ற கறுப்பின நூலகர் வந்தார். அலமாரிகளில் இருந்த புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். கறுப்பினத்தவர் வந்த இடங்களிலெல்லாம் வேலைக்காரராக, கேலிப்பொருளாக, கொச்சை மொழி பேசுபவராகவே இருந்தார்கள். தன்னிடம் வரும் பிள்ளைகள் இதைப் பார்த்து வளரக்கூடாது என்று நினைத்தவர், நல்ல புத்தகங்களாகத் தேடித் தேடிச் சேர்த்து 1939-இல் ஒரு தனித் தொகுப்பையே உருவாக்கினார்.

ஆனால் தேடிச் சேர்க்கவும் புத்தகம் இருக்க வேண்டுமே. 1965-இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் ஒரு கணக்கெடுத்து வெளியிட்டார். அதற்கு முந்தைய 3 ஆண்டுகளில் 63 பதிப்பகங்கள் வெளியிட்ட குழந்தை நூல்கள் 5,206. அவற்றில் ஒரே ஒரு கறுப்பின முகமாவது தென்பட்டவை 349. அதாவது 6.7 சதவீதம். அந்த 349-இலும் பலவற்றில் அந்த முகம் படத்தின் ஓரத்தில்தான் நின்றது. ஆஷ்லி பிரையன் வளர்ந்தது இதற்கும் கால் நூற்றாண்டு முன்னால். தன் முகம் இல்லாத புத்தகங்களைத்தான் அவர் ஆசை ஆசையாகப் படித்தார்.

மதியத்துக்கு மேல் சுரங்க ரயிலில், அதே நகரின் பிராங்ஸ் பகுதிக்குப் போனோம். அவர் வளர்ந்தது இந்தப் பகுதியில்தான். பெற்றோர் முதல் உலகப் போருக்குப் பிறகு கரீபியத் தீவான ஆன்டிகுவாவிலிருந்து வந்தவர்கள். வீட்டில் 6 பிள்ளைகள், அவர்களோடு சேர்ந்து வளர்ந்த உறவுக்காரப் பிள்ளைகள் 3 பேர். அப்பா வாழ்த்து அட்டை அச்சடிக்கும் தொழிலாளி. அச்சகத்தில் மிஞ்சும் காகிதம் வீட்டுக்கு வந்துவிடும், பிள்ளைகள் வரைந்து தள்ளுவார்கள். அப்பாவுக்குப் பறவை வளர்ப்பில் அப்படியொரு பைத்தியம். வீடு நிறையக் கூண்டுகள். இந்த வீட்டில் தன்னையும் யாராவது கவனிக்க வேண்டுமானால் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தால்தான் ஆகும் என்று அம்மா சொல்வாராம். அம்மா காலையிலிருந்து இரவு வரை பாடிக்கொண்டே வேலை செய்வார். பறவையும் பாட்டும் அவருடைய புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் வருவது எங்கிருந்து என்று தனியாக ஆராய வேண்டியதில்லை.

அவர் மேடைக்கு மேடை சொன்ன கதை ஒன்று உண்டு. மழலையர் வகுப்பில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரையச் சொன்னார்கள். கடைசி எழுத்து முடிந்ததும் எல்லாத் தாள்களையும் சேர்த்துத் தைக்கச் சொன்னார் ஆசிரியை. தைத்து முடித்த பையனிடம், “இந்தப் புத்தகத்தை எழுதினது நீ, படம் போட்டது நீ, பைண்டு பண்ணினது நீ, வெளியிட்டதும் நீ. வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா விநியோகம் பண்ணுறதும் நீதான்” என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒரே பாராட்டு. அன்றிலிருந்து வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், என்ன விசேஷம் என்றாலும், அவர் கையால் செய்த ஒரு புத்தகம் பரிசாகப் போகும். ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு பிரதி. 

1930களின் பெரும் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையிழந்த ஓவியர்களுக்கு அரசு சம்பளம் கொடுத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கலை சொல்லிக்கொடுக்க வைத்தது. பிரையன் வீட்டுப் பிள்ளைகள் அந்த வகுப்புகளுக்கெல்லாம் போனார்கள். ஏழை வீட்டுப் பையன் ஒருவன் ஓவியன் ஆனதில் அந்த அரசுத் திட்டத்துக்கும் பங்கு உண்டு. நம் ஊர்ப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் இடம் காலியாகவே கிடப்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

திங்கள், கூப்பர் யூனியன்

இன்று நின்று பார்க்க ஒரே ஒரு கட்டடம்தான். மன்ஹாட்டனின் தென்பகுதியில், ஆஸ்டர் பிளேஸ் நிலையத்தில் இறங்கி ஏறினால் எதிரே பழுப்புக் கல்லில் நிற்கிறது கூப்பர் யூனியன். பீட்டர் கூப்பர் என்ற தொழிலதிபர் 1859-இல் நிறுவிய கல்லூரி. 1860-இல் ஆபிரகாம் லிங்கன் இங்குள்ள பெரிய மண்டபத்தில் பேசியிருக்கிறார்.

பிரையன் உயர்நிலைப் பள்ளி முடித்தபோது வயது 16. வரைந்த படங்களைத் தூக்கிக்கொண்டு கலைக் கல்லூரி உதவித்தொகைக்குப் போனார். படங்களைப் பார்த்தவர், இவ்வளவு நல்ல தொகுப்பை இதுவரை கண்டதில்லை என்று சொன்னார். அடுத்த மூச்சில், கறுப்பினப் பையனுக்கு உதவித்தொகை கொடுப்பது வீண் என்றும் சொன்னார்.

பள்ளி ஆசிரியர்கள் அவரை உட்கார வைத்துப் பேசினார்கள். கூப்பர் யூனியனுக்கு விண்ணப்பி, அங்கே உன்னைப் பார்க்கமாட்டார்கள் என்றார்கள். அப்போது அந்தக் கல்லூரியில் நுழைவுத் தேர்வு மட்டும்தான். வரைந்ததையும் களிமண்ணில் செய்ததையும் ஒரு தட்டில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். செய்தவர் யார், எந்த நிறம் என்பது தேர்வு செய்பவர்களுக்குத் தெரியாது. தேறினால் கட்டணமில்லாப் படிப்பு. பிரையன் தேறினார்.

நாங்கள் போனபோது விடுமுறை, ஆள் நடமாட்டம் குறைவு. படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி அக்கா மகளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “அப்ப அவங்க பாத்திருந்தா எடுத்திருக்க மாட்டாங்களா சித்தி?” என்று கேட்டாள். கூப்பர் யூனியன்காரர்கள் எடுத்திருப்பார்களோ என்னவோ, முதலில் பார்த்தவர் எடுக்கவில்லை என்பதுதான் நடந்தது என்றேன். அந்தக் காலத்து ஆசிரியர்கள் எனக்குப் பெரியவர்களாகத் தெரிகிறார்கள். உலகம் இப்படித்தான், பொறுத்துக்கொள் என்று ஆறுதல் சொல்லி அனுப்பாமல் திறந்திருக்கிற கதவு எது என்று தேடிக் காட்டியிருக்கிறார்கள்.

செவ்வாய், பிலடெல்பியா

அக்கா மகளை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போய்வந்தேன். பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகத்தின் 6ஆம் மாடியில் கிஸ்லாக் மையம். ஆஷ்லி பிரையனின் ஆவணங்கள் 2019-இல் இங்கே வந்து சேர்ந்தன. முன்கூட்டியே பெயர் பதிந்து, எந்தப் பெட்டி வேண்டும் என்று கேட்டு வைக்க வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும்.

நேரம் குறைவு, பார்த்ததும் கொஞ்சம்தான். ஆனால் ஒன்று நன்றாக விளங்கியது. அவர் கதைகளை எங்கிருந்தோ வானத்திலிருந்து பிடிக்கவில்லை. நூலகங்களில் உட்கார்ந்து, மிஷனரிகளும் மானிடவியலாளர்களும் ஆப்பிரிக்க மொழிகளைப் பதிவு செய்யும்போது சேர்த்த கதைச் சுருக்கங்களைத் தேடிப் பிடிப்பார். அவை எலும்புக்கூடாக இருக்கும், ‘பறவைகள் வந்தன, நிறம் கேட்டன, போயின’ என்கிற அளவுக்கு. அதற்கு அவர் மூச்சுக் கொடுப்பார். எதுகை, ஒலிக்குறிப்பு, திரும்பத் திரும்ப வரும் அடி எல்லாம் சேர்ப்பார். கவிதையை வாய்விட்டுப் படித்துப் படித்துப் பழகியவர் என்பதால் உரைநடையிலும் அந்தக் காதுதான் வேலை செய்கிறது. அச்சில் இருக்கும் கதையைப் படிக்கிறவர் வாய் தானாகத் திறக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 

‘பியூட்டிஃபுல் பிளாக்பேர்ட்’ 2003-இல் வந்தது. ஜாம்பியாவின் ஈலா மொழி பேசும் மக்களின் கதை. ஆதியில் பறவைகளுக்கு எல்லா நிறமும் இருந்தது, கறுப்பு மட்டும் இல்லை. கரும்பறவை ஒன்றுதான் கறுப்பு. எல்லாப் பறவைகளும் கூடி, அதுதான் அழகு என்று முடிவு செய்து, தங்களுக்கும் கொஞ்சம் கறுப்பு வேண்டும் என்று கேட்கின்றன. கரும்பறவை சுரைக்குடுக்கையில் கரிய சாந்து கலக்கி ஒவ்வொன்றுக்கும் வளையமும் புள்ளியும் கோடும் போட்டுவிடுகிறது. மேல்பூச்சு வேறு, உள்ளே நீ யார் என்பது வேறு என்றும் சொல்லிவைக்கிறது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் மாடப்புறாவின் கழுத்தையும் கொண்டலாத்தியின் சிறகையும் தாங்களாகவே கதைக்குள் கொண்டுவந்து விட்டார்கள்.

அந்தப் புத்தகத்தின் படங்கள் முழுக்க வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டியவை. அட்டையைத் திறந்ததும் வரும் தாளில் ஒரு கத்தரிக்கோலின் படம் இருக்கும். அது அவருடைய அம்மாவின் கத்தரிக்கோல். தையலுக்கும் பூவேலைக்கும் அவர் வைத்திருந்தது. 80 வயதில் மகன் அதை எடுத்துப் பறவைகளை வெட்டியிருக்கிறார். 2007-இல் வந்த ‘லெட் இட் ஷைன்’ புத்தகத்துக்கும் அதே கத்தரிக்கோல்தான். கறுப்பின அமெரிக்கர்களின் குழந்தை நூல்களுக்குத் தரப்படும் கொரெட்டா ஸ்காட் கிங் விருது, படத்துக்காக, இரண்டுக்குமே கிடைத்தது. அந்தக் கத்தரிக்கோலை ஒவ்வொரு முறையும் நான் உற்றுப் பார்ப்பேன். பிடி அகலமாக, அலகு நீளமாக, சாதாரணமான வீட்டுக் கத்தரிக்கோல்.

புதன், பாஸ்டன்

ரயிலில் பாஸ்டன் வந்தோம். ஊர் சுற்ற நேரமில்லை, துறைமுகப் பக்கம் மட்டும் ஒரு நடை. நான் இங்கே வர விரும்பியதற்குக் காரணம், 1943-இல் 19 வயது ஆஷ்லி பிரையன் இந்தத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கப் பழகினார் என்பதுதான்.

கூப்பர் யூனியனில் படித்துக்கொண்டிருக்கும்போதே ராணுவத்தில் சேர உத்தரவு வந்தது. அப்போது அமெரிக்க ராணுவத்தில் வெள்ளையருக்கு ஒரு படை, கறுப்பினத்தவருக்கு வேறு படை. நாஜிகளின் இனவெறியை எதிர்த்துப் போரிடப் போகிற ராணுவம் தன் வீரர்களை நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்தது. கறுப்பின வீரர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது சுமை தூக்கும் வேலை, சமையல் வேலை, வண்டி ஓட்டும் வேலை. பிரையன் 502ஆம் துறைமுகப் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டார். கப்பலில் பாரம் தூக்கும் வின்ச் இயந்திரத்தை இயக்கப் பழகினார். பாஸ்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. அங்கே நேரம் கிடைத்தபோது அனுமதி வாங்கிக் கலைப் பள்ளி வகுப்புகளுக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து 1944 ஜூனில் பிரான்சின் நார்மண்டி, நேச நாட்டுப் படைகள் இறங்கிய ஒமாஹா கடற்கரை.

அங்கே கண்ணிவெடிகளுக்கும் பிணங்களுக்கும் நடுவே கப்பலிலிருந்து சரக்கு இறக்கினார்கள். பிரையன் தன் வாயுமுகமூடிப் பைக்குள் காகிதமும் பென்சிலும் வைத்திருந்தார். ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் வரைந்தார். கூட இருந்த வீரர்கள் உறங்குவது, சீட்டாடுவது, களைத்துச் சாய்ந்திருப்பது. அவர் வரைவதற்காக அவர் பங்கு வேலையையும் தோழர்கள் செய்துகொடுத்த நாட்கள் உண்டு. வரைந்தவற்றை வீட்டுக்கு அனுப்பி வைத்தார். போர் முடிந்து திரும்பியதும் அந்தப் படங்களை மூடி வைத்தார். பல பத்தாண்டுகள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. 2019-இல், 96 வயதில்தான், அந்தப் படங்களையும் அப்போது எழுதிய கடிதங்களையும் சேர்த்து ‘இன்ஃபினிட் ஹோப்’ என்ற புத்தகமாகக் கொண்டுவந்தார். அவர் புத்தகங்களிலேயே எழுத அதிக வலித்தது இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றும். 

போரிலிருந்து வந்தவர் கூப்பர் யூனியன் படிப்பை முடித்தார். அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார். மனிதர்கள் ஏன் போருக்குப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் தத்துவம் படித்தேன் என்று சொல்லியிருக்கிறார். பதில் கிடைக்கவில்லை, திரும்பவும் தூரிகையைப் பிடித்தார். முன்னாள் வீரர்களுக்கான அரசு உதவியில் பிரான்சின் ஏக்ஸ்-அன்-ப்ரோவான்ஸ் போனார். 1950-இல் அங்கிருந்து பிராத் என்ற சிற்றூருக்கு. பாப்லோ கசால்ஸ் என்ற செல்லோ மேதை, ஸ்பெயினின் பிராங்கோ ஆட்சியை அங்கீகரித்த நாடுகளில் வாசிக்கமாட்டேன் என்று ஒதுங்கியிருந்தவர், அந்த ஆண்டு இசையமைப்பாளர் பாஹ் நினைவு விழாவுக்காக அந்த ஊரில் வாசிக்கச் சம்மதித்திருந்தார். ஒத்திகையில் உட்கார்ந்து வரைய பிரையனுக்கு இடம் கிடைத்தது. இசையின் ஓட்டத்தோடு கை ஓட ஓட, போருக்குப் பின் இறுகிக் கிடந்த கை திறந்துகொண்டது என்று பிற்பாடு எழுதினார்.

வியாழன், மெய்ன் மாநிலம்

முழுநாளும் பயணம். பாஸ்டனிலிருந்து பாங்கருக்குப் பேருந்து, அங்கிருந்து வாடகைக் கார். எல்ஸ்வொர்த் தாண்டியதும் காற்றில் உப்பு வாசனை வந்துவிட்டது. ஒரு சிறிய பாலம் கடந்தால் மவுண்ட் டெசர்ட் தீவு. பெரும்பகுதி அகேடியா தேசியப் பூங்கா. இரவு தங்கல் இங்கே.

பிரையன் இந்தப் பக்கம் முதலில் வந்தது 1946-இல். மெய்னின் ஸ்கௌஹீகனில் அந்த ஆண்டுதான் ஓவியப் பள்ளி ஒன்று தொடங்கியிருந்தது, அதன் முதல் மாணவர்களில் அவரும் ஒருவர். ஒரு நாள் அகேடியாவுக்கு வந்தவர் கடலில் தீவுகளைப் பார்த்தார். அதன்பின் கோடைதோறும் கிரான்பெரி தீவுகளுக்கு வந்து வரைவது வழக்கமாயிற்று. டார்ட்மத் கல்லூரியில் பல ஆண்டுகள் ஓவியம் கற்பித்துவிட்டு, 1980களில் ஓய்வு பெற்றதும் சின்ன கிரான்பெரி தீவிலேயே குடியேறிவிட்டார்.

புத்தக உலகம் அவரைக் கண்டுகொண்டதும் தாமதமாகத்தான். பிராங்ஸில் இருந்த அவருடைய ஓவிய அறைக்கு 1960களின் தொடக்கத்தில் ஏத்தீனியம் பதிப்பகத்தின் ஆசிரியர் ஜீன் கார்ல் நேரில் வந்து பார்த்து, படம் வரைய ஒப்பந்தம் அனுப்பினார். ஆரம்பத்தில் அவர் வரைந்தவற்றில் ஒன்று தாகூரின் குறுங்கவிதைகளைப் பிள்ளைகளுக்காகத் தொகுத்த புத்தகம். ஆப்பிரிக்கக் கதைகளைத் தானே எழுதி வரைந்த முதல் தொகுப்பு 1971-இல், 48 வயதை நெருங்கும்போது வந்தது. 1974-இல், அடிமைப்பட்ட மக்கள் பாடிய ஆன்மிகப் பாடல்களைக் கட்டை அச்சுப் படங்களோடு வெளியிட்டார். அமெரிக்கா உலகத்துக்குக் கொடுத்த பெரிய கொடைகளில் ஒன்று அந்தப் பாடல்கள், பிள்ளைகள் கையில் கொடுக்க ஒரு நல்ல புத்தகம் இல்லையே என்பதுதான் அவர் குறை. எனக்கு அவருடைய பிந்தைய பளிச்சென்ற வண்ணங்களைவிட அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை அச்சுகள்தான் அதிகம் பிடிக்கும். வெட்டு விழுந்த இடத்தில் கையின் அழுத்தம் தெரியும்.

இரவு அறையில் ‘ஃப்ரீடம் ஓவர் மீ’ படித்தோம். 2016-இல், 93 வயதில் எழுதியது. ஏலத்தில் வாங்கிய பழைய ஆவணக் கட்டு ஒன்று அவரிடம் இருந்தது. அதில் 1828 ஜூலை 5 தேதியிட்ட பண்ணைச் சொத்துப் பட்டியல். மாடுகள், பன்றிகள், பருத்தி, அவற்றோடு 11 மனிதர்கள். பெண்கள், ஆண்கள், ஒரு சிறுமி. பெயரும் டாலரில் விலையும் மட்டும். வயதுகூட இல்லை.

பிரையன் அந்த 11 பேருக்கும் முகம் வரைந்தார், வயது கொடுத்தார். பெக்கி சமையல் செய்பவர், வேர் மருந்து தெரிந்தவர். ஸ்டீபன் தச்சர். ஜேன் தையல்காரி. பாக்கஸ் கொல்லர். ஷார்லட் கூடை முடைபவர், அவர் மகள் டோரா. ஒவ்வொருவருக்கும் இரண்டு கவிதை. முதலாவது, அவர்கள் செய்யும் வேலையைப் பற்றி அவர்களே பேசுவது. இரண்டாவது, அவர்கள் காணும் கனவு. முதலாவது கவிதைக்கு எதிரே இருக்கும் முகம் பழைய ஆவணத் தாளின் நிறத்தில் இருக்கும். கனவுப் பக்கத்தில் வண்ணம் கொட்டும்.

அக்கா மகள் பட்டியல் இருந்த பக்கத்தை விட்டு நகரவில்லை. “சித்தி, மாட்டுக்குப் பக்கத்துல ஏன் இவங்க பேரையும் எழுதியிருக்காங்க?” என்றாள். மனிதரை விற்க வாங்கச் சட்டம் இடம் கொடுத்த காலம் அது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஜேன் பக்கத்தைத் திருப்பி, அவர் கனவை உரக்கப் படித்தாள். தொடர்ந்து ஒவ்வொருவர் கனவாகப் படித்துக்கொண்டே போனாள். அமெரிக்கக் குழந்தை இலக்கியத்தின் பெரிய விருதான நியூபெரியில் இந்தப் புத்தகத்துக்கு 2017-இல் சிறப்புத் தகுதி கிடைத்தது.

வெள்ளி, ஐல்ஸ்ஃபோர்ட்

நார்த்ஈஸ்ட் ஹார்பரிலிருந்து தபால் படகு. தபால் பை, மளிகைப் பெட்டிகள், ஒரு நாய், நாங்கள், வேறு சில பேர். போகிற வழியெல்லாம் தண்ணீரில் வண்ண வண்ண மிதவைகள் தெரிந்தன. அடியில் லாப்ஸ்டர் பொறி இருப்பதற்கான அடையாளம் அது. ஒவ்வொரு மீனவருக்கும் ஒரு நிறக் கோலம் உண்டு என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

சின்ன கிரான்பெரி தீவில் இருக்கும் ஊரின் பெயர் ஐல்ஸ்ஃபோர்ட். வருஷம் முழுக்க இருப்பவர்கள் 100 பேருக்கும் குறைவு, கோடையில்தான் கூட்டம். படகுத்துறையிலிருந்து நடந்தே எல்லா இடத்துக்கும் போய்விடலாம். தேசியப் பூங்கா நடத்தும் செங்கல் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. தபால் நிலையம், தேவாலயம், பள்ளிக்கூடம். பள்ளியின் பெயர்ப்பலகையில் ‘ஆஷ்லி பிரையன் பள்ளி’. அவர் உயிரோடு இருக்கும்போதே ஊர்க்காரர்கள் பெயர் மாற்றிவிட்டார்கள். பெரும்பாலும் வெள்ளையர் வாழும் ஒரு மீனவத் தீவு, பிராங்ஸிலிருந்து வந்த ஒரு கறுப்பின ஓவியரின் பெயரைத் தன் ஒரே பள்ளிக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பலகைக்கு முன்னால் அக்கா மகளை நிறுத்திப் படம் எடுத்தேன்.

அடுத்துக் கதைசொல்லி மண்டபம். 2013-இல் தொடங்கிய ஆஷ்லி பிரையன் மையம் அவருடைய படைப்புகளைக் காத்து வருகிறது. கோடையில் மக்கள் பார்க்கலாம். உள்ளே போனதும் பொம்மைகள்.

இவற்றைப் பற்றி நிறையப் படித்திருந்தாலும் நேரில் பார்ப்பது வேறு. அவர் தினமும் கடற்கரையில் நடந்து பொறுக்கிச் சேர்த்ததெல்லாம் இங்கே ஆளாக நிற்கிறது. எலும்பு, சிப்பி, அலையில் ஒதுங்கிய கட்டை, கிழிந்த மீன்வலை, பழைய துணி, கையுறை. ஒரு பொம்மையின் அருகே குனிந்து பார்த்தேன். முகம் வெளுத்த எலும்பு. எலும்பில் இயல்பாக இருந்த குழிதான் கண்குழி. அதற்கு மேலே நெற்றியில் சின்னச் சின்னச் சிப்பிகள் ஒட்டியிருக்கின்றன. வலைத்துண்டு தலைமுடி. உடம்புத் துணியின் இரண்டு பக்கமும் கையுறைகள் தைத்திருக்கின்றன, அவை கைகள். தையல் பொடிப்பொடியாக, நெருக்கமாக இருக்கிறது. ஒவ்வொரு பொம்மைக்கும் ஆப்பிரிக்கப் பெயர் வைத்து, ஒரு கவிதையும் எழுதினார். 2014-இல் அவை புத்தகமாக வந்தன. தீவுப் பிள்ளைகள் இந்தப் பொம்மைகளைக் கையில் மாட்டிக்கொண்டு கூத்து நடத்தியதுண்டு.

பக்கத்தில் கண்ணாடிச் சாளரங்கள். உடைந்த பாட்டில் சில்லுகள் பல வருஷம் கடலில் உருண்டு முனை மழுங்கி, பனி படிந்த மாதிரி ஆகியிருக்கும். பச்சை, பழுப்பு, வெள்ளை, எப்போதாவது நீலம். தேவாலயச் சாளரங்களில் சில்லுகளைப் பிணைப்பது ஈயம். பிரையன் காகிதக் கூழைப் பிசைந்து அதைக் கொண்டே பிணைத்தார். அருகில் போனால் கூழில் விரல் அழுத்திய மேடு பள்ளம் தெரிகிறது. கொஞ்சம் தள்ளி வந்தால் வெளிச்சம் உள்ளே பாய்ந்து முழு உருவமும் எழுந்து நிற்கிறது. ஈயம் வாங்கக் காசு வேண்டும், பட்டறை வேண்டும். கூழுக்குப் பழைய செய்தித்தாளும் பசையும் போதும். மழலையர் வகுப்பில் தாளைத் தைத்துப் புத்தகம் செய்த அதே கைதான் இங்கேயும் வேலை செய்திருக்கிறது. 

மண்டபத்தில் இருந்த ஒரு வயதான அம்மா எங்களோடு நிறையப் பேசினார். ஆஷ்லி என்றுதான் சொல்கிறார், ஊரே அப்படித்தான் கூப்பிட்டதாம். அவர் வீட்டுக் கதவு பிள்ளைகளுக்கு எப்போதும் திறந்திருக்கும், உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து வந்த விளையாட்டுப் பொருட்கள் அங்கே நிரம்பி வழியும், எதை எடுத்தாலும் திட்டமாட்டார் என்றார். காலையில் தோட்டத்தில் டாலியாப் பூக்களுக்கு முன்னால் சட்டகம் வைத்து வரைந்துகொண்டிருப்பாராம். அதே பூவை எத்தனை கோடை வரைந்தாலும் அலுக்கவில்லை அவருக்கு என்றார் அந்த அம்மா.

பிரையன் கதை சொல்லும் விதத்தைப் பற்றியும் கேட்டேன். எந்த நிகழ்ச்சியானாலும் லாங்ஸ்டன் ஹியூஸின் ‘மை பீப்பிள்’ கவிதையில்தான் தொடங்குவார். ஓர் அடி அவர் சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்ல வேண்டும். கைகளை விரித்து, குரலை ஏற்றி இறக்கி, மெலிந்த அந்த உடம்பு முழுக்கப் பேசும். ஒளிப்பதிவுகளில் பார்த்திருக்கிறேன். இரவு அழகு, என் மக்களின் முகங்களும் அப்படியே அழகு என்று தொடங்கும் கவிதை அது. ஒரு நூலக அறை நிறைய உட்கார்ந்திருக்கும் கறுப்பினப் பிள்ளைகள் அதை உரக்கச் சொல்லும்போது, தங்கள் வாயாலேயே தங்களை அழகு என்று சொல்லிவிடுகிறார்கள். 5,206 புத்தகங்கள் வெளியிட்டவர்கள் செய்யாமல் விட்ட வேலையை அவர் ஒரு நிமிடத்தில் செய்துவிடுவார்.

சனி, திரும்பும் வழி

காலையில் ஒரு தடவை கூழாங்கல் கரையில் நடந்தோம். அக்கா மகள் பச்சைக் கண்ணாடிச் சில்லுகளும் ஒரு கயிற்றுத் துண்டும் சேர்த்திருக்கிறாள். கார் இப்போது பாங்கரை நெருங்குகிறது, பின் இருக்கையில் அவற்றைப் பரப்பி வைத்து ஏதோ யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். மண்டபம் கோடையில் மட்டும் திறந்திருக்கும், நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தீவுக்கு நார்த்ஈஸ்ட் ஹார்பரிலிருந்தும் சவுத்வெஸ்ட் ஹார்பரிலிருந்தும் படகு உண்டு. கடைசிப் படகைத் தவறவிட்டால் தங்க இடம் கிடைப்பது கடினம். ஆகஸ்டிலும் படகில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே போக முடியாதவர்கள் புத்தகத்திலிருந்து தொடங்கலாம். பிள்ளைக்கு 6 வயதுக்குள் என்றால் ‘பியூட்டிஃபுல் பிளாக்பேர்ட்’. பத்து வயதுக்கு மேல் என்றால் ‘ஃப்ரீடம் ஓவர் மீ’, ஆனால் பெரியவர் ஒருவர் கூட உட்கார்ந்து படிக்க வேண்டும். இரண்டையுமே வாய்விட்டுத்தான் படிக்க வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு.